சோழி கூடிப்போச்சா? சின்னப்புள்ளைங்க யோசனை வளர்ற கதை

போன வருஷம் மீன்பிடி தடைக்காலத்துல நடந்தது இது. ஏப்ரல் 15 லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கும், வீட்டுல ஆம்பளைங்க இருப்பாங்க, நடுவுல புள்ளைங்களுக்கும் பெரிய லீவு வந்துரும், ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்துல எங்க அம்மாச்சி வீட்டுத் திண்ணையில அப்பல்லாம் ஒரே சத்தம்தான். அக்கா மகன், அப்ப அவனுக்கு அஞ்சு வயசு, பல்லாங்குழி சோழிய எல்லாம் கொட்டி உருட்டிக்கிட்டு இருந்தான். சும்மா இருக்க முடியாம நான் ஒரு ஆறு சோழிய எடுத்து என் முன்னாடி வரிசையா வச்சேன், அதுக்கு நேருக்கு நேரா அவன் பக்கம் ஆறு வச்சேன்.

"ரெண்டு பேருக்கும் சமமாடா?"

"ஆமா சித்தி."

அப்புறம் அவன் பாத்துக்கிட்டு இருக்கும்போதே என் வரிசைய மட்டும் கொஞ்சம் எடம் விட்டு விட்டு நீட்டி வச்சேன். ஒண்ணும் சேக்கல, ஒண்ணும் எடுக்கல.

"இப்ப?"

"ஒனக்குத்தான் நெறைய."

எண்ணச் சொன்னேன். எண்ணுனான், எனக்கு ஆறு. அவனுது எண்ணுனான், அதுவும் ஆறு. சரி இப்ப சொல்லுன்னா, "ஒனக்குத்தான் நெறைய, எனக்கு இன்னும் ரெண்டு குடு"ங்கிறான்! பக்கத்துல ஒக்காந்திருந்த அவன் அக்கா, எட்டு வயசு, விழுந்து விழுந்து சிரிக்கிறா. "லூசு, சித்தி தள்ளித் தள்ளி வச்சிருக்காங்க, அம்புட்டுதான், ரெண்டும் ஒண்ணுதான்டா." இதுல வேடிக்கை என்னன்னா மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே திண்ணையில இதே சோழிய வச்சு இவகிட்டயும் கேட்டிருக்கேன், இவளும் அச்சு அசலா அதே பதில்தான் சொன்னா. அதச் சொன்னா இப்ப நம்ப மாட்டேங்கிறா, "நான் எதுக்கு அப்படிச் சொல்லப் போறேன்"ங்கிறா.

நடுவுல யாரும் அவளுக்கு இத உக்கார வச்சுச் சொல்லிக்குடுக்கல. எந்தப் பாடப்புத்தகத்துலயும் "சோழிய நீட்டி வச்சா எண்ணிக்கை மாறாது"ன்னு ஒரு பாடம் இல்ல. அப்ப அவளுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? அத விட முக்கியம், முந்தி தெரியாம இருந்துச்சுங்கிறதே அவளுக்கு எப்படி மறந்துபோச்சு? இதத்தான் எழுதலாம்னு ஒக்காந்திருக்கேன். நான் பெரிய ஆராய்ச்சியாளர் எல்லாம் இல்ல, சாயங்காலம் தெருப்புள்ளைங்களுக்கு பாடம் சொல்லிக்குடுக்கிற ஆளு, பி.எட் படிக்கும்போது இதையெல்லாம் பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணி எழுதி மார்க்கும் வாங்குனேன், ஆனா புரிஞ்சது என்னமோ இந்தத் திண்ணையிலதான்.

முதல்ல பியாஜேவப் பத்திச் சொல்லணும். நம்ம புத்தகத்துல ஜீன் பியாஜேன்னு போட்டிருப்பாங்க. ஸ்விட்சர்லாந்துக்காரரு, 1896-ல பொறந்தவரு, 1980-ல எறந்தாரு. இவரு மொதல்ல படிச்சது புள்ளைங்களப் பத்தி இல்ல, நத்தை சிப்பியப் பத்தி! டாக்டர் பட்டமே அதுலதான் வாங்குனாரு, நம்ம கடக்கரையில பொறந்திருந்தா சங்கப் பாத்துக்கிட்டே காலத்த ஓட்டியிருப்பாரு போல. அப்புறம் பாரிஸுக்குப் போயி புள்ளைங்களுக்கு அறிவுத் தேர்வு வைக்கிற வேலையில சேந்தாரு. கேள்வி கேக்கணும், பதில் சரின்னா மார்க்கு, தப்புன்னா முட்டை, அடுத்த கேள்வி, அம்புட்டுதான் வேலை. இவரு என்ன பண்ணாரு, அந்த முட்டை வாங்குன பதில்ல போயி மாட்டிக்கிட்டாரு. ஒரே வயசுப் புள்ளைங்க எல்லாம் ஒரே மாதிரி தப்பு பண்ணுதுங்களே, தெரியாம குத்துமதிப்பா சொல்லியிருந்தா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரில்ல தப்பா சொல்லணும்னு யோசிச்சாரு. அப்ப அந்தத் தப்புக்குள்ள ஒரு கணக்கு இருக்கு. பெரியவங்களுக்குத் தெரிஞ்சதுல பாதி சின்னப்புள்ளைக்குத் தெரியும்னு இல்ல, அது யோசிக்கிற விதமே வேற. அவரு வாழ்க்கை பூரா செஞ்சது இந்த ஒரு விஷயத்த நோண்டுனதுதான், வீட்டுலயே மூணு புள்ளைங்க, அதுங்கள வச்சே பக்கம் பக்கமா எழுதி வச்சாரு.

என் அக்கா மகனயே எடுத்துக்குவோம். அவனுக்கு எண்ணத் தெரியாமலா இருக்கு? நூறு வரைக்கும் சொல்லுவான். ஆனா அந்த வயசுல கண்ணு சொல்றது கணக்கு சொல்றத அமுக்கிரும். நீளமா இருக்கா, அப்ப நெறைய. நீளம் கூடுது ஆனா நடுவுல எடவெளியும் கூடுதுன்னு ரெண்டையும் சேத்துப் பிடிச்சு வைக்க அவன் மனசுக்கு இன்னும் கை பத்தல. நீட்டுனத திரும்பச் சுருக்குனா பழையபடி ஆயிரும்னு மனசுக்குள்ளயே திருப்பி ஓட்டிப் பாக்குறதும் வரல. இது ரெண்டும் வந்துட்டா கதை முடிஞ்சுச்சு, சாதாரணமா ஆறு ஏழு வயசுல எண்ணிக்கையில வந்துரும், களிமண்ண உருட்டுனாலும் அதே மண்ணுதான்னு புரியறதும் ஏறக்குறைய அப்பத்தான், ஆனா எடை மாறலங்கிறது அதுக்கு அப்புறமாத்தான் வரும். ஒரே யோசனைதானே, ஒண்ணு புரிஞ்சா எல்லாம் புரியணும்லன்னு நமக்குத் தோணும். அப்படி வர்றதில்ல. வீட்டுல செஞ்சு பாக்கணும்னா நீட்டு டம்ளர், வாய் அகலமான கிண்ணம் ரெண்டு எடுத்து பதநீர ஊத்தி மாத்திப் பாருங்க, அஞ்சு வயசு நீட்டு டம்ளரத்தான் கேக்கும்.

இந்தப் புரிதல் எல்லாம் எப்படி மாறுதுன்னு பியாஜே சொல்றத எங்க ஊரு பாஷையில சொல்லணும்னா வலையத்தான் சொல்லணும். வலையில கண்ணி என்ன அளவோ அதுக்கேத்த மீன்தான் நிக்கும். புள்ளை மனசுலயும் ஒரு வலை இருக்கு, வர்ற விஷயத்தை எல்லாம் அந்த வலைய வச்சுத்தான் பிடிக்கும். தண்ணிக்குள்ள நீந்துறது எல்லாம் மீனுன்னு ஒரு வலை. சூடை மீனு, பாறை மீனு, திருக்கை தட்டையா இருந்தாலும் மீனு, சரி, எல்லாம் சிக்குது. ஒரு நாளு தாத்தா சொல்றாரு, ஆவுளியா இருக்குல்ல, கடல் பசு, அது குட்டி போட்டுப் பால் குடுக்கும், மூச்சு வாங்க மேல வரும்னு. இப்ப வலையில சிக்கல் விழுந்துருச்சு. ஒண்ணு அந்தப் புள்ளை "அதுவும் மீனுதான், பால் குடுக்கிற மீனு"ன்னு பழைய வலையிலயே அமுக்கப் பாக்கும், இல்ல வலைய அவுத்து வேற மாதிரி பின்னும், அதாவது நீந்துறதுல மீனும் உண்டு, மீனில்லாததும் உண்டு. முதல்ல சொன்னத தன்வயப்படுத்தல்னும் ரெண்டாவத பொருந்திக்கொள்ளல்னும் புத்தகத்துல போட்டிருப்பாங்க, பேரு முக்கியமில்ல. முக்கியம் அந்தச் சிக்கல்தான். நாமளா போயி "அது மீன் இல்ல, பாலூட்டி, எழுதிக்கோ"ன்னு முடிச்சு வச்சுட்டா வலை அப்படியேதான் கிடக்கும், நோட்டுல மட்டும் பாலூட்டின்னு இருக்கும்.

கைக்குழந்தைக்கு வருவோம். ஆறு மாசப் புள்ளை முன்னாடி கிலுகிலுப்பைய வச்சு அது பாக்கும்போதே ஒரு ஓலைக்கொட்டான கவுத்து மூடுங்க. பெரும்பாலும் அது தேடாது, வேற எங்கிட்டாவது திரும்பிக்கும். எட்டு ஒம்போது மாசத்துல கொட்டானத் தள்ளிவிட்டு எடுக்கும். கண்ணுக்குத் தெரியாட்டியும் பொருள் இருக்குங்கிறது புள்ளைக்கு அப்பத்தான் வருதுன்னு பியாஜே சொன்னாரு. அம்மா அடுப்படிக்குப் போனாலே அழ ஆரம்பிக்கிறதும் ஏறக்குறைய அந்த வயசுதான், அம்மா எங்கயோ இருக்கான்னு தெரியுதுல்ல, அதான் வம்பு. ஆனா இதுல அவரு கொஞ்சம் கொறச்சு மதிப்பிட்டுட்டாருன்னு பின்னாடி வந்தவங்க காட்டிட்டாங்க. ரெனே பெய்யார்ஜான்னு ஒரு அம்மா 1980-கள்ல என்ன பண்ணாங்கன்னா, கைய நீட்டித் தேடச் சொல்லாம புள்ளை எத எம்புட்டு நேரம் பாக்குதுன்னு அளந்தாங்க. மறைச்சு வச்ச பொருளுக்குள்ள ஒரு அட்டை பூந்து போற மாதிரி நடக்காத காரியத்தக் காட்டுனா மூணரை மாசப் புள்ளைங்களே பலது ஆச்சரியப்பட்ட மாதிரி அத ரொம்ப நேரம் பாத்துச்சுங்க. அப்ப பொருள் இருக்குன்னு ஏதோ ஒரு அளவுக்குத் தெரிஞ்சிருக்கு, கைய நீட்டித் தேடத்தான் தெரியல. எனக்கு இது பெரிய பாடம். புள்ளைக்குத் தெரியலங்கிறது வேற, நாம கேட்ட விதத்துல அதால காட்ட முடியலங்கிறது வேற.

சோழி வெளையாட்டுலயும் இதே கதை நடந்துருக்கு. 1974-ல ஸ்காட்லாந்துல மார்கரெட் டொனால்ட்சனும் இன்னொருத்தரும் சேந்து ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மைய விட்டு வரிசையக் கலைக்க வச்சாங்க, பெரியவங்க வேணும்னே நீட்டல, கரடிதான் வந்து கலைச்சிருச்சு. அப்ப கேட்டா நெறைய சின்னப்புள்ளைங்க "சமம்தான்"ன்னு சரியா சொல்லிருச்சுங்க. ஏன்னா ஒரு பெரிய ஆளு வரிசைய மாத்திட்டு அதே கேள்விய ரெண்டாவது தரம் கேட்டா, புள்ளை என்ன நெனைக்கும், முதல்ல சொன்னது தப்பு போல, மாத்திச் சொல்லுவோம்னு நெனைக்கும்ல. க்ளாஸ்லயும் பாருங்க, "நல்லா யோசிச்சு சொல்லு"ன்னு டீச்சர் ரெண்டாவது தரம் கேட்டாலே சரியான பதில் சொன்ன புள்ளையும் மாத்திரும். அதுக்காக பியாஜே பூரா தப்புன்னு இல்ல, என் அக்கா மகன் எண்ணி முடிச்ச பின்னாடியும் ரெண்டு சோழி கேட்டான்ல, அது நெசமாவே அவனுக்கு அப்படித்தான் தெரியுது.

பேச்சு விஷயம் ஒண்ணு இருக்கு, தமிழ்க்காரங்களுக்குப் பிடிக்கும். த வேற ட வேற, நமக்கு தண்ணிபட்ட பாடு. இங்கிலீஷ்காரங்களுக்கு அந்த வித்தியாசம் காதுலயே விழாது. ஆனா 1984-ல ஜேனட் வெர்க்கர்னு ஒரு ஆராய்ச்சியாளர் கனடாவுல இங்கிலீஷ் பேசுற வீட்டுக் குழந்தைங்களுக்கு ஹிந்தியில உள்ள த, ட சத்தத்தப் போட்டுக் காட்டுனாங்க, ஆறேழு மாசப் புள்ளைங்க கரெக்டா பிரிச்சுக் கண்டுபிடிச்சிருச்சுங்க! பத்துப் பன்னண்டு மாசம் ஆனதும் அதே வீட்டுப் புள்ளைங்களுக்கு அது போயிருச்சு. அதாவது பொறக்கும்போது எல்லா ஊரு கதவும் தொறந்து கிடக்கு, ஒரு வயசுக்குள்ள சுத்தி இருக்கிறவங்க பேசுற சத்தத்துல காது பழகிட்டு மத்தத விட்டுருது. மூளையும் அப்படித்தான் வேலை செய்யுது, பொறந்த புள்ளை மூளை பெரியவங்க மூளையில கால்வாசி எடைதான் இருக்கும், அஞ்சாறு வயசுக்குள்ள தொண்ணூறு சதவீதத்தத் தொட்டுரும், அந்த வேகத்துல நரம்புக்கு நரம்பு கண்டமேனிக்கு இணைப்பு போட்டு வச்சுட்டு அப்புறம் பொழங்குறத வச்சுக்கிட்டு பொழங்காதத கழிச்சு விடுது. நம்ம கருவேலங்காட்டுல ஆளு நடக்கிற ஒத்தையடிப் பாதை மட்டும் மிஞ்சும்ல, அது மாதிரி.

இத ஏன் சொல்றேன்னா, கைக்குழந்தைக்கு ஃபோன்ல ரைம்ஸ் போட்டுக் குடுத்துட்டு "எல்லாம் கத்துக்கிடுது"ங்கிறாங்க. 2003-ல பாட்ரீசியா குல் செஞ்ச ஆராய்ச்சியில ஒம்போது மாச அமெரிக்கப் புள்ளைங்களுக்கு சீன மொழி பேசுற ஆளு நேர்ல ஒக்காந்து வெளையாடி, படிச்சுக் காட்டி, பன்னண்டு தரம்தான் பேசுனாங்க, புள்ளைங்க அந்த மொழி சத்தத்தப் பிடிச்சிருச்சுங்க. அதே ஆளு, அதே பேச்சு, வீடியோவுல போட்டப்ப ஒண்ணும் ஏறல. அம்மாச்சி கடல்பாசி எடுத்துட்டு வந்து கால நீட்டி ஒக்காந்து மடியில போட்டுக்கிட்டு "என்ன பெத்த ராசா"ன்னு ஆரம்பிக்கிறா பாருங்க, அதுக்கு மாத்து எந்த ஆப்லயும் இல்ல. நானும் வேலை முடியணுமேன்னு ஃபோனக் குடுத்த ஆளுதான், அதனால ரொம்ப உபதேசம் பண்ணல.

மூணு நாலு வயசுக்கு வந்தா இன்னொரு கூத்து. அப்பா கடல்ல இருக்காரு, கரையில இருந்து ஃபோன் போட்டுக் குடுத்தா "இந்தா பாருப்பா சிப்பி"ன்னு ஃபோனுக்கு முன்னாடி காட்டும். வீடியோ காலும் இல்ல, சும்மா கால். தான் பாக்குறத எல்லாரும் பாக்குறாங்கன்னு நெனப்பு. பாம்பன் பாலத்துல ராத்திரி பஸ்ல வந்தா நிலா நம்ம கூடவே வருதுங்கும், பியாஜேவும் அவரு ஊருப் புள்ளைங்க இதையே சொல்லுதுன்னு எழுதியிருக்காரு. கச்சான் காத்து அடிச்சு அலை தூக்குனா கடலுக்குக் கோவம்ங்கும். அது பொய்யும் இல்ல கவிதையும் இல்ல, அதுக்குத் தெரிஞ்ச வலை அதுதான்.

நாலு வயசு சுத்துல இன்னொரு கதவு தொறக்குது. ஒரு கதை சொல்லிக் கேளுங்க. அம்மாச்சி கருப்பட்டிய பானையில வச்சுட்டு கடக்கரைக்குப் போயிட்டா. அவ இல்லாத நேரம் அத்தை வந்து அத எடுத்து உறியில வச்சுட்டா. அம்மாச்சி திரும்பி வந்து கருப்பட்டிய எங்க தேடுவா? மூணு வயசு "உறியில"ன்னு சொல்லும், ஏன்னா அதுக்குத் தெரியும் கருப்பட்டி உறியில இருக்குன்னு, தனக்குத் தெரிஞ்சது அம்மாச்சிக்கும் தெரியும்னு நெனைக்கும். நாலு நாலரைக்கு மேல "பானையில தேடுவா, பாவம்"னு சிரிக்கும். ஆஸ்திரியாவுல விம்மர், பெர்னர்னு ரெண்டு பேரு 1983-ல சாக்லேட்ட வச்சுச் சொன்ன கதைதான் இது, நான் கருப்பட்டியா மாத்திக்கிட்டேன். அடுத்தவங்க மனசுல நம்ம மனசுல இல்லாத ஒண்ணு இருக்க முடியும், அது தப்பாவும் இருக்க முடியும்னு புரியறது சாதாரண விஷயம் இல்ல. கூடவே ஒண்ணு வரும், ஒழுங்கா பொய் சொல்ல வரும். "நான் திங்கல"ன்னு வாயில கருப்பட்டிய வச்சுக்கிட்டே சொல்றது மூணு வயசு, வாயக் கழுவிட்டு வந்து சொல்றது அஞ்சு வயசு. எங்க அக்கா இதுக்கு அடிக்கக் கைய ஓங்குனா, நான் மனசுக்குள்ள கை தட்டுனேன்.

பியாஜே கிட்ட எனக்கு ஒரு கொறை உண்டு. அவரு படத்துல புள்ளை தனியா ஒக்காந்து பொருள உருட்டி உருட்டி அதுவே கண்டுபிடிக்குது, ஒரு குட்டி விஞ்ஞானி மாதிரி. நம்ம ஊருல எந்தப் புள்ளை தனியா ஒக்காந்துச்சு? இத எடுத்துப் பேசுனவரு ரஷ்யாவுல லெவ் வைகாட்ஸ்கி, அவரும் அதே 1896-ல பொறந்தவருதான், ஆனா காசநோய் வந்து 1934-ல 37 வயசுலயே போயிட்டாரு. அவரு சொன்னது, புள்ளை தனியா என்ன செய்யுதுங்கறத மட்டும் அளக்காதீங்க, தெரிஞ்ச ஆளு பக்கத்துல இருந்தா எம்புட்டு தூரம் போகுதுன்னு பாருங்க, அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற எடத்துலதான் படிப்பு நடக்குதுன்னு. அண்மை வளர்ச்சி மண்டலம்னு பரீட்சைக்கு எழுதுனோம்ல, அதுதான்.

இத நான் பாத்தது எங்க மாமா வலையில இருந்து நண்டு எடுக்கிறப்ப. பெரியவன், அக்காவோட மூத்த பையன், பக்கத்துல ஒக்காந்திருப்பான். அஞ்சாறு வயசுல அவன் வேலை வலை நுனியப் பிடிக்கிறது மட்டும். அப்புறம் செத்த நண்டு எடுக்கிறது. அப்புறம் மாமா கொடுக்க மடக்கிப் பிடிச்சுக்கிட்டு நூல மட்டும் எடுக்கச் சொல்லுவாரு. "பின்னாடி பிடிடா, முன்னாடி கைய விடாத." பத்து வயசுல அவனே உசுரு நண்ட எடுத்தான், மாமா வேற பக்கம் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டே ஓரக்கண்ணுல கவனிச்சாரு. ஒரு தரம் கடி வாங்குனான், மாமா சிரிச்சாரே ஒழிய வலையப் பிடுங்கல. கட்டடம் கட்டும்போது சாரம் கட்டுவாங்கல்ல, சுவரு நின்னதும் பிரிச்சுருவாங்க, வைகாட்ஸ்கிக்கு அப்புறம் வந்தவங்க 1976-ல இந்த உதவிக்கு அந்தப் பேரத்தான் வச்சாங்க. சாரம் கட்டாம சுவரு ஏறச் சொன்னாலும் தப்பு, சுவரு நின்ன பின்னாடியும் சாரத்தப் பிரிக்காம ஹோம்வொர்க்க அம்மாவே எழுதிக் குடுத்தாலும் தப்பு. இன்னொண்ணு, அந்தப் பய நண்டு எடுக்கும்போது தனக்குத்தானே "பின்னாடி பிடி, முன்னாடி விடாத"ன்னு முணுமுணுப்பான். மாமா குரலு அவன் வாயில. கொஞ்ச நாளுல முணுமுணுப்பு நின்னுருச்சு, உள்ள போயிருச்சுன்னு அர்த்தம். புள்ளைங்க கணக்குப் போடும்போது வாய்விட்டுப் பேசுனா "சத்தம் போடாம போடு"ன்னு அதட்டாதீங்க, அது சத்தம் இல்ல, யோசனைதான் வெளிய கேக்குது.

இப்ப எனக்கு மனசுல ரொம்ப நாளா இருக்கிற விஷயத்துக்கு வர்றேன், கணக்கு. எங்க தெருவுல ஒரு பையன், மீன் யாவாரம் பண்ற அம்மா கூட லீவுல ஒக்காருவான். கிலோ 240-ன்னா முக்கா கிலோவுக்கு எம்புட்டுன்னு நாம பர்ஸ எடுக்கிறதுக்குள்ள சொல்லிருவான், ஐநூறு ரூவா நோட்டக் குடுத்தா மிச்சம் கையில இருக்கும். அவன்தான் பள்ளிக்கூடத்துல கணக்குல ஃபெயிலு. ரேங்க் கார்டுல "கவனம் தேவை". என்னையும் நாலாப்புல ஒரு வாத்தியார் மக்குன்னுதான் கூப்பிடுவாரு, அந்த வார்த்தை எனக்கு இன்னைக்கும் காதுல கேக்கும், அதனால அவன் விஷயத்துல எனக்கு கொஞ்சம் கூடுதலாவே சூடு ஏறும்.

பிரேசில்ல ரெசிஃபேன்னு ஒரு கடக்கரை ஊரு. அங்க தெருவுல தேங்காய், பழம் விக்கிற புள்ளைங்க அஞ்சு பேரு, 9 லேர்ந்து 15 வயசு, அவங்ககிட்ட மூணு ஆராய்ச்சியாளருங்க வாடிக்கையாளர் மாதிரி போயி வாங்குனாங்க, 1985-ல வெளியிட்டாங்க. கடையில கேட்ட கணக்குல 98 சதவீதம் சரி. அப்புறம் அதே எண்கள பேப்பர்ல வெறும் கணக்கா குடுத்தா 37 சதவீதம்தான் சரி, கதைக்கணக்கா குடுத்தா 74. ஒரு பன்னண்டு வயசுப் பையன், தேங்காய் ஒண்ணு 35. நாலு தேங்காய் எம்புட்டுன்னு கேட்டதுக்கு, மூணு காய் 105, அதுல முப்பதக் கூட்டுனா 135, இன்னும் அஞ்சு, 140-ன்னு போட்டான். அதே பையன்கிட்ட பேப்பர்ல 35 பெருக்கல் 4 குடுத்தா, நாலஞ்சு இருவது, ரெண்டு மீதி, ரெண்டும் மூணும் அஞ்சு, அஞ்சு நாலு இருவது, விடை 200! கடையில 140, பேப்பர்ல 200, ரெண்டும் ஒரே தலைதான். பேப்பர்ல அவன் அர்த்தத்த விட்டுட்டு சொல்லிக்குடுத்த சடங்க செய்றான், சடங்குல ஒரு படி மாறுனா என்ன வருதுன்னு கவனிக்க அங்க தேங்காயே இல்லயே.

இது நம்ம நாட்டுலயும் பாத்தாச்சு. பொருளாதார நிபுணருங்க அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ எல்லாம் சேந்த குழு கொல்கத்தா, டெல்லி சந்தையில வேலை பாக்குற புள்ளைங்கள வச்சு செஞ்சது 2025-ல வந்துச்சு. சந்தைப் புள்ளைங்க யாவாரக் கணக்க மனசுலயே போடுதுங்க, பள்ளிக்கூட மாதிரி எழுதிக் குடுத்தா தெணறுதுங்க. இதுல பாதிதான் எல்லாரும் பேசுறது, மறுபாதி என்னன்னா பள்ளிக்கூடத்துல நல்லா போடுற புள்ளைங்கள சந்தைக் கணக்குல விட்டா அதுங்களுக்கும் முடியல. அதனால "தெருப்படிப்பே போதும்"ன்னு சொல்றதும் தப்புதான், முக்கா கிலோ தெரிஞ்சவனுக்கு இயற்கணிதம் தானா வந்துராது. ரெண்டு கரையும் இருக்கு, பாலத்த யாரும் போடல. நான் அந்தப் பையனுக்கு இப்ப செய்றது என்னன்னா, முதல்ல மீனுல கேப்பேன், அவன் எப்படிப் போட்டான்னு வாயால சொல்ல வைப்பேன், அப்புறம் அவன் சொன்னத அப்படியே எண்ணா எழுத வைப்பேன், அரைக்கிலோ 120, கால்கிலோ 60, ஆக 180. "டீச்சர் இதுதானா பின்னம்?"னு கேட்டான் ஒரு நாளு. எல்லா நாளும் நடக்காது, சில நாளு அவனுக்கு பந்துதான் முக்கியம்.

சரி, அறிவு எம்புட்டுன்னு அளக்கிற ஐ.க்யூ? அத ஆரம்பிச்ச பிரெஞ்சுக்காரரு ஆல்ஃபிரட் பினே, சிமோன்ங்கிறவரு கூட சேந்து 1905-ல அத செஞ்சதே பள்ளிக்கூடத்துல எந்தப் புள்ளைக்கு கூடுதல் உதவி வேணும்னு கண்டுபிடிக்கத்தான். அறிவுங்கிறது மாறாத ஒண்ணுன்னு சொல்றவங்கள அவரு எதுத்துப் பேசுனாரு, 1911-ல எறந்துட்டாரு. அதுக்கு அப்புறம் 1912-ல வில்லியம் ஸ்டெர்ன் மனவயச, அதாவது எந்த வயசுப் புள்ளை அளவுக்கு பதில் சொல்லுதோ அந்த வயச, உண்மை வயசால வகுக்கிற கணக்கக் கொண்டு வந்தாரு, 1916-ல அமெரிக்காவுல டெர்மன் அத நூறால பெருக்கி ஊரெல்லாம் பரப்புனாரு, உதவிக்கு வச்ச அளவுகோல் ஆளப் பிரிக்கிற அளவுகோலா ஆயிருச்சு. அதுக்காக அந்த நம்பரு சுத்தப் பொய்யின்னும் சொல்ல முடியாது, பள்ளிக்கூட மார்க்க ஓரளவுக்கு முன்கூட்டியே சொல்லும், பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஆனா ஜேம்ஸ் ஃப்ளின்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1980-கள்ல காட்டுனது இருக்கே, பல நாட்டுல பத்து வருஷத்துக்கு சுமாரா மூணு புள்ளி வீதம் சராசரி ஏறிக்கிட்டே வந்திருக்கு. ரெண்டு தலைமுறையில மரபணு மாறாதுல்ல, படிப்பு, சாப்பாடு, சுத்தி இருக்கிற உலகம்தான் மாறியிருக்கு.

சாப்பாடுன்னதும் ஒண்ணு சொல்லணும். வாலிநோக்கம் பக்கம் உப்பளம் இருக்கு, அந்தப் பக்கத்து ஆளுங்க "நம்ம உப்பு இருக்க கடை உப்பு எதுக்கு"ம்பாங்க. கடல்லேர்ந்து வந்த உப்புதானே, அயோடின் இருக்கும்னு நெனப்பு. காய்ச்சுன கல்லுப்புல அது ரொம்பக் கம்மி, தனியா சேத்தாத்தான் உண்டு. கர்ப்பமா இருக்கும்போது அயோடின் ரொம்பக் கொறஞ்சா வயித்துப்புள்ளை மூளை வளர்ச்சி பாதிக்கும், அது பின்னாடி சரி பண்ண முடியாத விஷயம். கடல் மீன் திங்கிறவங்களுக்கு அதுல கொஞ்சம் கிடைக்கும், அது நம்ம அதிர்ஷ்டம், ஆனாலும் அயோடின் உப்பு பாக்கெட்டையே வாங்குங்க. இரும்புச்சத்து கொறஞ்சாலும் புள்ளைக்கு கவனம் நிக்காது. பசியோட வந்த புள்ளைக்கு வைகாட்ஸ்கி வந்து சொல்லிக்குடுத்தாலும் ஏறாது, காமராஜர் 1956-ல மதிய சாப்பாடு போட்டதும் 2022-ல காலைச் சாப்பாடு ஆரம்பிச்சதும் அறிவு விஷயந்தான், வெறும் வயித்து விஷயம் இல்ல. பயமும் அப்படித்தான். கடலுக்குப் போன அப்பா சொன்ன நாளுல திரும்பலன்னா அந்த வீட்டுப் புள்ளை மறுநாளு வாய்ப்பாடு சொல்லல, சொல்லவும் முடியாது, மனசுல அப்பதைக்கு ஒரு சில விஷயத்தத்தான் பிடிச்சு வைக்க முடியும், அந்த எடத்துல அப்பா ஒக்காந்திருக்காரு.

பதினொண்ணு பன்னண்டு வயசுக்கு மேல நடக்காதத வச்சே யோசிக்க ஆரம்பிப்பாங்க. "கடல்ல உப்பே இல்லன்னா என்ன ஆகும்?"னு கேட்டா எட்டு வயசு "உப்பு இருக்கே"ன்னு முடிச்சிரும், பதிமூணு வயசு மீன், மழை, உப்பளம், அப்பா வேலைன்னு ஒரு மணி நேரம் ஓட்டும். எல்லாருக்கும் எல்லா விஷயத்துலயும் இது வந்துராது, பெரியவங்களுக்கே பழக்கமில்லாத விஷயத்துல வராது. ஆனா அடக்கி நிறுத்துற வேலைய பாக்குற நெத்திப் பக்கத்து மூளை இருபதுகள் நடு வரைக்கும் முத்திக்கிட்டேதான் இருக்கும். தனுஷ்கோடி ரோட்டுல பைக்க முறுக்குற பயலுகளுக்கு ஆபத்து தெரியாம இல்ல, கேட்டா நல்லாவே சொல்லுவானுங்க, கூட்டாளி பின்னாடி ஒக்காந்திருக்கும்போது பிரேக்குதான் லேட்டா வருது.

ஒரு எச்சரிக்கை மட்டும். நான் மேல சொன்ன வயசு எல்லாம் சுமாரா, ஆறு மாசம் முன்ன பின்ன ஆனா பயப்பட வேண்டாம். ஆனா கூப்பிட்டா திரும்பல, ஒரு வயசு தாண்டியும் எதையும் சுட்டிக் காட்டல, வந்த பேச்சு நின்னுபோச்சுன்னா "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாரு"ன்னு ஒக்காந்திருக்காதீங்க. அங்கன்வாடியில சொல்லுங்க, 2013 லேர்ந்து புள்ளைங்களுக்கு வளர்ச்சி தாமதம் இருக்கான்னு பாக்கவே அரசாங்கத் திட்டம் ஓடுது, சீக்கிரம் பாத்தா நெறைய செய்யலாம்.

இப்ப அக்கா மகனுக்கு ஆறரை வயசு. போன வாரம் திண்ணையில அதே சோழி. பக்கத்து வீட்டு மூணு வயசுக் குட்டி வந்து ஒக்காந்துச்சு. இவன் ரெண்டு வரிசை வச்சான், அவளுக்கு அஞ்சு சோழி, நல்லா தள்ளித் தள்ளி, திண்ணை ஓரம் வரைக்கும் நீட்டி. தனக்கு ஏழு, நெருக்கி, கைக்கு அடக்கமா. "ஒனக்குத்தான் நெறைய, பாரு"ன்னான். அவ பாத்தா, ஆமான்னா, சந்தோஷமா அள்ளி பாவாடையில போட்டுக்கிட்டு ஓடுனா. இவன் திரும்பி என்னப் பாத்து ஒரு கண்ணச் சிமிட்டுறான்.